ரப்பர் குழாய்க்கு முன்தீர்ப்பு இல்லை

டாலிவர் ஊர் ஆல்டர் தெருவில் 116ஆம் எண் வீடு ஒன்று உண்டு. 161ஆம் எண் வீடு ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சலவைக்கடை, ஒரு தேவாலயம், கால் மைல் தூரம். போலீசார் கையில் இருந்த வாரண்டில் எழுதியிருந்தது 116. அவர்கள் போய் இறங்கியது 161. "மூன்று எண்களும் சரியாகவே இருந்தன, வரிசை மட்டும் சற்று மாறியிருந்தது" என்று நகராட்சி வக்கீல் பின்னால் தன் மனுவில் எழுதினார். தப்பை ஒத்துக்கொண்டு எழுதியதல்ல, பெருமையாகவே எழுதியது.

161இல் குடியிருந்தவர்கள் டக்கெட் தம்பதி. வெர்லீன் டக்கெட் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். அவள் புருஷன் ஹோசியா, தெருக்கோடித் தேவாலயத்தில் முப்பத்தொரு வருஷம் ஆர்கன் வாசித்தவன். அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை காலையில் அவன் கொல்லையில் வெண்டைச்செடிகளுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வேலிக்குப் பின்னால் நாலு போலீஸ்காரர்கள் முளைத்தார்கள்.

"கையில இருக்குறதக் கீழ போடு!" என்று சார்ஜென்ட் பக்னர் கத்தினார்.

ஹோசியா சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன். போட்டான். தண்ணீர் வேகமாக வருகிற குழாயைக் கீழே போட்டால் அது என்ன செய்யும் என்று செடி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். அது துள்ளியது, நெளிந்தது, சார்ஜென்டின் வலது பூட்ஸை நனைத்தது. உடனே அவர் மின்அதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டார். ஈரத் தரையில் நனைந்து நின்ற மனுஷனை இரண்டு தரம் சுட்டார். இரண்டாம் தரம் எதற்கென்றால், முதல் தரம் சுட்டபின் "ஆடாம நில்லு" என்று சொல்லியும் ஹோசியா நடுங்கிக்கொண்டிருந்தானாம்.

இடது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அதோடு போயின. பார்த்தால் விரல்கள் இருக்கும், ஆனால் எதையும் பிடிக்காது. ஹோசியா ஆர்கன் பக்கமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருப்பான். கொல்லைப்பக்கம் காலெடுத்து வைப்பதை விட்டுவிட்டான். வெண்டைச்செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்து சருகாயின. வெர்லீன் தண்ணீர் விடலாம் என்று குழாயை எடுத்தால், சத்தம் கேட்டதும் அவன் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவள் குழாயை அப்படியே சுருட்டி வைத்துவிடுவாள்.

"எனக்கு மன்னிப்பு வேணாம், ஒரு மண்ணும் வேணாம்," என்று ஒருநாள் சொன்னான். "சொன்னபடிதானே செஞ்சேன் வெர்லீன்? அவங்க செஞ்சது தப்புன்னு யாராவது ஒருத்தர் ஒரு பேப்பர்ல எழுதட்டும். அது போதும்."

இந்தக் காலத்தில் இவ்வளவு சின்ன ஆசை உள்ளவனைப் பார்ப்பது அபூர்வம். அதற்காகத்தான் சிவில் உரிமை வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்ற நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். சார்ஜென்ட் செய்தது சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இல்லையாம். இதே சங்கதி, இதே விதமாக, இதற்கு முன்னால் யாருக்காவது நடந்து, அது தப்பு என்று மேல்நீதிமன்றம் எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்தீர்ப்பு என்று பெயர். அப்படி ஒன்று இருந்தால்தான், இது தப்பு என்று ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்திருக்க வழியுண்டு. ரப்பர் குழாயைக் கீழே போட்டவரைச் சுடக்கூடாது என்று முன்தீர்ப்பு எதுவும் கிடையாது. ஆகவே சார்ஜென்டுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல் செய்தவர்மீது வழக்கு நிற்காது. நீங்களோ நானோ சட்டம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தால் இன்னும் ஆறு மாதம் சேர்த்து உள்ளே போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

வழக்கை நடத்திய வக்கீல் கையை விரித்துவிட்டார். வெர்லீன் வேறு பதினேழு வக்கீல்களிடம் போனாள். பதினேழு பேரும் கதையைக் கேட்டு "அடப் பாவமே" என்றார்கள். வழக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி, நானே எழுதறேன்," என்றாள் வெர்லீன்.

"உனக்குச் சட்டம் தெரியுமா?" என்றான் ஹோசியா.

"அந்த சார்ஜென்டுக்குத் தெரியலன்னுதானே விட்டாங்க? அவனவிடவா நான் மோசம்?"

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுதிப் போட்டாள். அங்கிருந்து 'வக்கீல் இல்லாதவர்களுக்கான எளிய கையேடு' வந்தது. நூற்றுப் பதினாலு பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரி: "வக்கீல் வைத்துக்கொள்ளவும்." பாக்கி நூற்றுப் பதின்மூன்று பக்கமும் அந்தப் பேச்சைக் கேட்காதவர்களுக்கு.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் வெர்லீன் நேரே பொது நூலகத்துக்குப் போவாள். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். மூன்று வாரத்தில் மனு தயாரானது. தபாலில் அனுப்பினாள். "குறைபாடு உள்ளது" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. என்ன குறைபாடு என்று போட்டிருக்கவில்லை. நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து நேரிலேயே போனாள்.

பதிவாளர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இமோஜீன் ஃபேர்க்ளாத் என்ற அம்மாள் இருந்தாள். பொல்லாதவள் என்று சொல்ல முடியாது. முன்னால் ஒரு கண்ணாடிச் சாடி நிறைய புதினா மிட்டாய் வைத்திருந்தாள். யாரைத் திருப்பி அனுப்பினாலும் ஒரு மிட்டாய் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

"மேலட்டை சரியில்ல, மேடம்," என்றாள்.

"என்ன சரியில்ல?"

"அத நான் சொல்ல முடியாது. சட்ட ஆலோசனை தர எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"நீல அட்டை போடணும்னு கையேட்டுல இருக்கு. நீலம்தானே போட்டிருக்கேன்?"

ஃபேர்க்ளாத் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நீலம் இல்லைங்கிற வரைக்கும் சொல்லலாம்."

"பின்ன என்ன கலரு இது?"

"அதச் சொன்னா ஆலோசனை ஆயிடும், மேடம்."

வெர்லீன் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "பாத்ரூம் எங்க இருக்குன்னாவது சொல்லலாமா?"

ஃபேர்க்ளாத் நிஜமாகவே யோசித்தாள். "இந்த மாடியில ஒண்ணு இருக்குங்கிறது பொதுத் தகவல். அதச் சொல்லலாம்." சாடியை முன்னால் தள்ளினாள். "மிட்டாய் எடுத்துக்குங்க."

இரண்டாம் தரம் நல்ல நீலத்தில் அட்டை போட்டுக்கொண்டு போனாள். எழுத்து சின்னதாக இருந்ததாம். புருஷனுக்கு மின்சாரம் பாய்ந்த கதையை இத்தனை பருமனான எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று விதி. அதற்கு ஒரு இம்மி குறைந்தாலும் கதை செல்லாது. மூன்றாம் தரம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போனாள். இந்தத் தடவை ஃபேர்க்ளாத்தின் முகம் வாடியிருந்தது.

"மேடம், இது கொஞ்சம் பெரிய விஷயம். மனுவுல 6,212 வார்த்தை இருக்குன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எங்க மிஷின் எண்ணினா 6,209தான் வருது."

"மூணு வார்த்தைதானே?"

"நீதிமன்றத்துல பொய் சத்தியம்னா தண்டனை இருக்கு. அது பொதுத் தகவல்."

வாரண்டில் எண்ணை மாற்றி வாசித்தவர் பதவியில் இருந்தார். மனுவில் மூன்று வார்த்தையைத் தப்பாக எண்ணியவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது. வெர்லீன் அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து ஒரு கிண்ணம் காராமணியை வைத்துக்கொண்டு எண்ணினார்கள், நூறு வார்த்தைக்கு ஒரு காராமணி. ஒரு தரம் 6,212 வந்தது. மறு தரம் 6,214. மூன்றாம் தரம் பாதியில் ஹோசியா ஒரு காராமணியை வாயில் போட்டுக்கொண்டதால் கணக்கு கெட்டுப்போனது.

"மிஷினுக்கு மூணு வார்த்தை குறையுது. அவ்வளவுதானே?" என்றான் ஹோசியா. "மூணு வார்த்தையச் சேர்த்துடு."

"என்னன்னு சேர்க்கறது?"

அவன் காராமணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். சட்டைப்பைக்குள் இருந்த கை அசைந்தது. "அவன் கீழே போட்டுவிட்டான்னு போடு."

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியாக அந்த மூன்று வார்த்தைகளை வெர்லீன் சேர்த்தாள். மனு ஏற்கப்பட்டது. ஃபேர்க்ளாத் அன்றைக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தாள்.

நூலகத்தில் பழைய தீர்ப்புகளைத் துருவிக்கொண்டிருந்தபோது வெர்லீனுக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிழவர் ரோஜாச் செடிக்குப் பூவாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். போலீஸ் வீடு மாறி வந்து, பூவாளியைக் கீழே போடச் சொல்லி, அவர் போட்டபின் அடித்திருக்கிறது. அது தப்பு என்று இதே மேல்நீதிமன்றம் தீர்ப்பு எழுதியிருந்தது. வெர்லீன் நூலகம் என்றும் பார்க்காமல் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் ஒரு மணி நேரத்தை விட்டு எழுந்து போய்விட்டார். பூவாளி வழக்கை அவள் மனுவில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாள்.

நகராட்சி வக்கீல் பிரஸ்காட் லைல் இருபத்திரண்டு பக்கத்தில் பதில் போட்டார். "பூவாளி வேறு, ரப்பர் குழாய் வேறு. பூவாளியில் உள்ள நீர் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். குழாய் நீர் தீராது. பூவாளிக்காரரை அடிக்கக்கூடாது என்று அறிந்த விவேகமுள்ள காவலர், குழாய்க்காரர் விஷயத்திலும் அதுவே பொருந்தும் என்று தாமாக ஊகிக்க வேண்டும் என எதிர்பார்ப்பது காவலர்மீது சுமத்தப்படும் அநியாயமான சுமை." ஒரு பூவாளியின் படமும் ஒரு குழாயின் படமும் இணைப்பில் இருந்தன. வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது.

வக்கீல் இல்லாத வழக்குகளை அந்த நீதிமன்றம் நேரில் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. காகிதத்தைப் பார்த்தே கதையை முடித்துவிடும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் 'எல்லோருக்கும் நீதி' வாரம் என்று ஒன்று கொண்டாடுவார்கள். அந்த வாரம் வக்கீல் இல்லாத ஒரு வழக்கைப் பொறுக்கியெடுத்து, ஆளை நேரில் வரவழைத்து, பேச விட்டு, போட்டோவும் எடுப்பார்கள். அந்த வருஷம் அதிர்ஷ்டம் டக்கெட் வழக்குக்கு அடித்தது.

வெர்லீன் தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். ஹோசியா கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மூன்று நீதிபதிகள் வந்து அமர்ந்தார்கள். நடுவில் இருந்தவர் தாடியஸ் பென்ஹாலோ. விசாரணைக்கு முன்னால் அவர் ஒரு சிறப்புரை ஆற்றினார்.

"இந்த மன்றத்தின் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கு. வக்கீல் இல்லாம வர்றவங்களோட மனுவ நாங்க இரட்டிப்புக் கருணையோட படிக்கிறோம். நான் இங்க வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. அப்படிப்பட்ட மனுக்கள் ஆயிரக்கணக்குல என் கையில வந்திருக்கு. ஒண்ணுல கூட அவங்க ஜெயிச்சதில்ல. ஒரு தடவையாவது அவசரப்பட்டு ஜெயிக்க விட்டிருந்தோம்னா, நாங்க கவனமாப் படிக்கலைன்னு நீங்க சொல்லலாம்."

கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஹோசியா கை தட்டவில்லை. அவனால் தட்ட முடியாது.

முதலில் லைல் எழுந்தார். "கனம் நீதிபதிகளே, என் கட்சிக்காரர் செஞ்சது தப்பாங்கிற கேள்விக்குள்ள மன்றம் போகவே வேணாம்னு கேட்டுக்கறேன். போனா எங்களுக்குப் பாதகமாயிடும்ங்கிறதுக்காகச் சொல்லல. அனாவசியம்ங்கிறதுக்காகச் சொல்றேன்."

"இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் போலீஸ் பயிற்சியில ஏதாவது மாத்தினீங்களா?" என்று பென்ஹாலோ கேட்டார்.

"மாத்தினோம், ஐயா. எந்த வீட்டுக்குப் போனாலும் மழைக்கால பூட்ஸ் போட்டுக்கச் சொல்லியிருக்கோம். குழாய் விஷயத்துல இந்த மன்றம் வழிகாட்டட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்."

"மன்றம் வழிகாட்டலைன்னா?"

"பொறுமையாக் காத்துக்கிட்டிருப்போம், ஐயா."

அடுத்து வெர்லீன். பத்து நிமிஷம். மேஜைமேல் பச்சை விளக்கு எரிந்தது. வாயைத் திறப்பதற்குள் பென்ஹாலோ குறுக்கே வந்தார்.

"மிஸஸ் டக்கெட், குழாயோட முனையில மூடி ஏதாவது இருந்துச்சா?"

"இல்லைங்க ஐயா."

"தண்ணி என்ன வேகத்துல வந்துச்சு?"

"வெண்டைச்செடிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

இடப்பக்க நீதிபதி முன்னால் சாய்ந்தார். "உங்க புருஷர் குழாயக் கீழ போட்டாரா, வச்சாரா?"

"போடுன்னாங்க. போட்டாரு."

"வச்சிருந்தா அது துள்ளியிருக்காது இல்லையா?"

"வைன்னு சொல்லலைங்களே ஐயா. போடுன்னுதானே சொன்னாங்க?"

இந்தப் பதில் மூன்று நீதிபதிகளுக்கும் மிகவும் பிடித்துப்போனது. போடுவதற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் தங்களுக்குள் ஐந்து நிமிஷம் அலசினார்கள். வலப்பக்க நீதிபதி தன் பேனாவை ஒருதரம் போட்டும் ஒருதரம் வைத்தும் காட்டினார். மஞ்சள் விளக்கு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம்.

"நீங்க என்ன கேக்குறீங்கன்னு சொல்லிடுங்களேன்," என்றார் பென்ஹாலோ பெருந்தன்மையாக.

எழுதி வைத்திருந்த காகிதத்தை வெர்லீன் மேஜைமேல் கவிழ்த்தாள். "ஒரே ஒரு வரி, ஐயா. அது தப்புன்னு எழுதுங்க. முன்ன யாரும் எழுதி வைக்கலைன்னுதானே எங்களத் தள்ளினாங்க? நாளைக்கு இன்னொருத்தன் தன் செடிக்குத் தண்ணி ஊத்துவான். அவன்கிட்டயும் முன்தீர்ப்பு இல்லைன்னு சொல்லக் கூடாது பாருங்க. அதுக்காகவாவது எழுதுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. பென்ஹாலோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசத் தொட்டுட்டீங்க, மிஸஸ் டக்கெட்," என்றார். அவர் கண் கலங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. எட்டுப் பக்கம். சமையலறையில் நின்றபடியே வெர்லீன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். தள்ளுபடி செய்தது செல்லும் என்று போட்டிருந்தது. சம்பவம் நடந்த அந்த ஜூன் மாதத்தில் இது தப்பு என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லையாம். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஹோசியா காகிதத்தை வாங்கி முதலிலிருந்து வாசித்தான். ஆறாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது.

"வெர்லீன். எழுதிட்டாங்க."

"என்னத்த எழுதினாங்க? தோத்துட்டோம்."

"இங்க பாரு." அவன் சத்தமாகப் படித்தான். "'டக்கெட்டுக்கு இழைக்கப்பட்டது தவறு. காவலரின் உத்தரவுக்குப் பணிந்து, கையில் இருந்த குழாயைக் கீழே போட்ட ஒருவரைச் சுடுவது தகாது.' தவறுன்னு போட்டிருக்கு பாரு. என் பேரும் போட்டிருக்கு."

"ஆனா தோத்துட்டோம், ஹோசியா."

"நாம தோத்தாத் தோத்துட்டுப் போறோம், கண்ணு. அடுத்தவன் தோக்க மாட்டான்ல? இனி எவனாவது முன்தீர்ப்பு இல்லைன்னு வாயத் திறக்க முடியுமா?" அவன் சிரித்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவன் சிரித்து.

ஆறாம் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்து, கொல்லைக் கதவுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியடித்து மாட்டினான். "அடுத்த தரம் வர்றவன் படிச்சுட்டு வரட்டும்," என்றான். மறு வருஷம் பனி விட்டதும் மண்ணைக் கொத்தி வெண்டை விதை போட்டான். ஒற்றைக் கையால் தண்ணீரும் விட ஆரம்பித்தான். வெர்லீன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்று, அடுப்பில் இருந்த கஞ்சியைத் தீய விட்டாள்.

ஜூலையில் ஒரு நாள் டேமர் காஸ்கின் என்ற பெண் அவர்கள் வீடு தேடி வந்தாள். நாற்பது மைல் தள்ளி ஃபென்டன் ஊர்க்காரி. அவளுடைய தம்பி போன செப்டம்பரில், டக்கெட் தீர்ப்பு வந்து ஒரு மாதம் கழித்து, வீட்டு வாசலில் ரப்பர் குழாயால் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். போலீஸ் வந்திருக்கிறது. கீழே போடு என்றிருக்கிறார்கள். போட்டிருக்கிறான். குழாய் துள்ளியிருக்கிறது. சுட்டவர் பதவி உயர்வு பெற்று ஃபென்டனுக்கு வந்த லெப்டினன்ட் பக்னர். தம்பி விழுந்த வேகத்தில் தலை சிமெண்டில் அடித்து ஒரு கண் போனது.

"வழக்குப் போட்டோம், சிஸ்டர். தள்ளிட்டாங்க," என்றாள் டேமர். "வக்கீலும் கழண்டுட்டாரு. ரப்பர் குழாய்க்கு முன்தீர்ப்பு இல்லையாம்."

வெர்லீன் கையில் இருந்த கரண்டியை மேஜையில் அறைந்தாள். "இல்லைன்னா சொன்னானுங்க? எங்கிட்ட இருக்குடி அம்மா! கொல்லையில மாட்டி வச்சிருக்கோம்!"

ஹோசியாவே போய் ஆணியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தான். உறையில் படிந்திருந்த தண்ணீர்க் கறையைச் சட்டையில் துடைத்தான். "இதையே கொண்டு போ," என்றான் டேமரிடம். "இது உன் தம்பிக்காகத்தான் எழுதினது. உன் தம்பின்னு அப்பத் தெரியாது, அவ்வளவுதான்."

மறுநாள் காலை பஸ்ஸில் வெர்லீனும் டேமரும் போனார்கள். ஃபேர்க்ளாத் அதே இடத்தில், அதே சாடியோடு இருந்தாள். வெர்லீன் தீர்ப்பு முழுவதையும் ஆறாம் பக்கத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"முன்தீர்ப்பு," என்றாள். "இந்த மன்றமே எழுதினது. இதே குழாய், இதே போலீஸ்காரன்."

ஃபேர்க்ளாத் ஆறாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தை எடுத்து, அடியில் நட்சத்திரம் போட்ட ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். எறும்பு எழுத்து. அவர்கள் மனுவில் இந்த அளவில் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வெர்லீன் கண்ணாடியோடு நெற்றி முட்டும்படி குனிந்து படித்தாள்.

'இத்தீர்ப்பு வெளியிடுவதற்கு உரியதன்று. முன்தீர்ப்பாகக் கொள்ளத் தக்கதன்று.'

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"சட்ட ஆலோசனை..." என்று ஆரம்பித்த ஃபேர்க்ளாத், வெர்லீனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "பொதுத் தகவல்னு வச்சுக்குங்க. முக்கால்வாசித் தீர்ப்ப இப்படித்தான் போடறாங்க. நீங்க மனுவுல இதச் சேர்க்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா கணக்குல வராது. புத்தகத்துல ஏறினாத்தான் முன்தீர்ப்பு."

"ஏன் ஏத்தல?"

"புதுசா ஏதாவது சொன்னாத்தான் ஏத்துவாங்க, மேடம். இதுல புதுசா ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணியிருப்பாங்க."

"தப்புன்னு சொன்னாங்களே, அது புதுசு இல்லையா?"

"சொன்னதக் கேட்ட மனுஷனச் சுடக் கூடாதுன்னு யாருக்குத்தான் தெரியாது, மேடம்? அதுல என்ன புதுசு இருக்கு?" என்ற ஃபேர்க்ளாத் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இது ஆலோசனை இல்ல."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அது புத்தகத்தில் ஏறவில்லை. புத்தகத்தில் ஏறாததால் பக்னருக்கு மட்டும் அது தெரியாது. வெர்லீன் இதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. பென்ஹாலோவின் கலங்கிய கண் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அந்த நட்சத்திரத்தையும் அவரே போட்டிருக்கிறார்.

"அப்ப என் தம்பி?" என்றாள் டேமர்.

"நீங்க மேல்முறையீடு செய்யலாம், மேடம். வக்கீல் இல்லாதவங்களுக்குன்னு கையேடு ஒண்ணு இருக்கு." ஃபேர்க்ளாத் ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தாள். புதுப் பதிப்பு, நூற்று முப்பத்தொரு பக்கம். பிறகு சாடியை முன்னால் தள்ளினாள். டேமர் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டாள். வெர்லீன் தனக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டேமர் கையேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஃபென்டன் நிறுத்தத்தில் டேமர் இறங்கும்போது, "நீல அட்டை எந்தக் கடையில வாங்குறதுன்னு சொல்றேன், போன் பண்ணு," என்று மட்டும் வெர்லீன் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. நல்ல வெயில். கொல்லைப்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஹோசியா வேலியோரம் வெண்டைப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் குழாய். சட்டைப்பையை விட்டு வெளியே வந்திருந்த இடது கையால், பிடிக்காத விரல்களால், ஒரு செடியின் இலையைத் தூக்கிக் காய் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறைப் படியில் ஒரு சட்டி நிறைய வெண்டைக்காய் பறித்து வைத்திருந்தது.

"வந்துட்டியா!" என்றான், அவளைப் பார்த்ததும். "காட்டினியா?"

"காட்டினேன்."

"படிச்சாங்களா?"

"முதல் பக்கத்தப் படிச்சாங்க."

"ஆறாம் பக்கத்தப் பார்த்ததும் வாயடைச்சுப் போயிருப்பானுங்களே!" அவன் சிரித்தான். வேலிக்கு அந்தப்பக்கம் தெருவில் ஒரு கார் மெதுவாகப் போகும் சத்தம் கேட்டது. சலவைக்கடைக்கு வருகிற காராக இருக்கலாம். அவன் அந்தப்பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்போதெல்லாம் அவனுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கார் சத்தம் அடங்கும்வரை வெர்லீன் வேலியையே பார்த்தாள். பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, ஆணி மட்டும் மிச்சமிருந்த சுவரோரம் போனாள். முதலில் தண்ணீர்த் திருகை இறுக்கி மூடினாள். ஹோசியாவின் கையில் இருந்த குழாய் தளர்ந்து, சொட்டி, நின்றது. அவன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான்.

"கையில இருக்குறதக் கீழ வை, ஹோசியா," என்றாள். "போடாத, வை. மெதுவா. உள்ள வா."